தூண்டில் ‘ஃப்ளை’களுக்கு ஜாதகம் எழுதிய மேரி!

முதல் தடவையா மலைக்கு ட்ரவுட் மீன் பிடிக்கக் கிளம்புறீங்கன்னு வச்சுக்கோங்க. என்ன பண்ணுவீங்க? போனை எடுத்துத் தேடுவீங்க. எந்த ஆறு, எந்த மாசம், எந்தத் தூண்டில், என்ன சைஸ் முள்னு பத்து நிமிஷத்துல மொத்த லிஸ்ட்டும் கைக்கு வந்துடும்.

இதே ஆசை 1880-கள்ல நியூயார்க்ல இருந்த ஒரு கிளார்க்குக்கு வந்திருந்தா? வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற லீவு. ரயிலில் போய், குதிரை வண்டியில் ஏறி, கடைசியா படகோ நடையோதான். காட்டுக்குள்ள போய்ச் சேர்ந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்து, கொண்டுவந்தது தப்பான சாமான்னு தெரிஞ்சா, பக்கத்துல கடை கிடையாது. மொத்த லீவும் காலி!

அந்தப் பெட்டிக்குள்ள சரியான பொருள் இருக்கணும்னு மெனக்கெட்ட ஒரு பெண்ணோட கதைதான் இது. பெயர், மேரி ஆர்விஸ் மார்பரி.

பூச்சி மாதிரி, ஆனா பூச்சி இல்ல!

மேரியைப் பார்ப்பதற்கு முன்னால், ‘ஃப்ளை’ன்னா என்னன்னு சின்னதா பார்த்துடலாம்.

ட்ரவுட், குளிர்ந்த ஓடுநீரில் வாழும் மீன். தண்ணீரில் விழும் பூச்சிகளும், தண்ணீருக்குள்ளேயே வளரும் பூச்சிகளும்தான் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு. நிஜப் பூச்சியைத் தூண்டில் முள்ளில் குத்தினால் ரெண்டு வீச்சிலேயே பிய்ந்துபோகும். அதனால், முள்ளின் மேல் பட்டு நூல், இறகு, முடி எல்லாம் சுற்றிக் கட்டி ஒரு பொய்ப்பூச்சி செய்கிறார்கள். அதுதான் ஃப்ளை.

நம்ம ஊர் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளைக்கு அந்தக் கனம் கிடையாது. இங்கே தூண்டில் கயிறுதான் கனம். சாட்டை மாதிரி அந்தக் கயிற்றை வீச, அதன் நுனியில் இருக்கும் ஃப்ளை கூடவே பறந்து போய்த் தண்ணீரில் மெதுவாக இறங்கும். அதனால் கம்பு, கயிறு, நுனி நரம்பு, ஃப்ளை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தணும். ஒண்ணு சொதப்பினாலும் மீன் ஓடிவிடும்.

கடையும் பிறந்தது, மகளும் பிறந்தாள்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர் மான்செஸ்டர். பக்கத்தில் ஓடுவது பேட்டன்கில் ஆறு. கோடைக்காலத்தில் பெருநகரங்களிலிருந்து வசதியானவர்கள் இங்கே வந்து தங்குவார்கள். அவர்கள் தங்கும் ‘ஈக்வினாக்ஸ்’ ஹோட்டலை நடத்தியவர் ஃபிராங்க்ளின் ஆர்விஸ். அவருடைய தம்பி சார்லஸ் ஆர்விஸ், கைவேலையில் கெட்டிக்காரர்.

ஹோட்டலுக்கு வருபவர்களுக்கு மீன்பிடிக்கும் ஆசை இருக்கு, கையில் சாமான் இல்லைன்னு கவனித்த சார்லஸ், 1856-ல் தூண்டில் கம்புகள் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். அதே ஆண்டில் பிறந்தவர்தான் மகள் மேரி. கடைக்கும் மகளுக்கும் ஒரே வயசு!

1874-ல் சார்லஸ் ஒரு புது ரீலுக்கு காப்புரிமை வாங்கினார். அதன் பக்கங்களில் வரிசையாக ஓட்டைகள். பார்க்க அழகுக்குப் போட்டதுபோல இருக்கும். ஆனால், அப்போதைய தூண்டில் கயிறு பட்டால் ஆனது. ஈரத்தோடு சுற்றி வைத்தால் மக்கிப்போகும். ஓட்டைகள் வழியாகக் காற்று போனால் கயிறு சீக்கிரம் காயும், ரீலின் எடையும் குறையும். ஃப்ளை ரீல்களில் இன்றைக்கும் அந்த ஓட்டைகள் இருக்கு.

கம்பு ஓகே, ரீல் ஓகே. ஃப்ளை? அதற்கு அப்பா நம்பியது மகளைத்தான். நியூயார்க்கிலிருந்து தொழில் தெரிந்த ஒருவரை வரவழைத்து, மேரிக்கு ஃப்ளை கட்டக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். மேரிக்கு அப்போது இருபது வயதுதான் இருக்கும். கொஞ்ச காலத்திலேயே ஃப்ளை தயாரிக்கும் பிரிவு மொத்தமும் அவர் பொறுப்பில் வந்தது. அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களும் இளம்பெண்கள்தான்.

சொந்த வாழ்க்கை அவ்வளவு சீராகப் போகவில்லை. ஜான் மார்பரி என்பவரோடு நடந்த திருமணம் நீடிக்கவில்லை. பிறந்த மகனும் அவருக்கு முன்பே இறந்துபோனார். பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘மார்பரி’ மட்டும் கடைசிவரை இருந்தது. மேரி மான்செஸ்டருக்கே திரும்பி, இறகுக்கும் நூலுக்கும் நடுவில் தன் நாள்களைக் கழித்தார்.

ஒரே பெயர், பத்து உருவம்

அங்கேதான் அவர் ஒரு பெரிய தலைவலியைச் சந்தித்தார்.

ஆர்விஸ் கடை, தபால் மூலமும் வியாபாரம் செய்தது. எங்கேயோ இருக்கும் ஒருவர் கடிதம் எழுதி, குறிப்பிட்ட பெயருள்ள ஃப்ளை வேண்டும் என்று கேட்பார். அனுப்பினால், இது நான் கேட்டது இல்லைன்னு பதில் வரும். ஏன்னா, ஒரே பெயரில் ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு உருவம் இருந்தது. ஒரே உருவத்துக்கு ஊருக்கு ஒரு பெயரும் இருந்தது. சிலர் பெயரே தெரியாமல், மீன் கடித்துக் குதறிய பழைய ஃப்ளையை உறையில் போட்டு அனுப்பி, இதேபோல ஒரு டஜன் வேண்டும் என்பார்கள். பாதி இறகு உதிர்ந்த ஒன்றை வைத்துக்கொண்டு அது என்னவா இருந்திருக்கும்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, புதுப் பெயர்கள் எப்படிப் பிறந்தன தெரியுமா? இங்கிலாந்திலிருந்து வந்த ‘கோச்மேன்’ என்ற ஃப்ளை அங்கே பிரபலம். வெள்ளை இறக்கை, மயிலிறகு இழையில் சுற்றிய உடம்பு. மயிலிறகு இழை மினுமினுக்கும், ஆனால் சீக்கிரம் அறுந்துவிடும். 1878-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் ஹெய்லி, அது அறுந்துபோகாமல் இருக்க உடம்பின் நடுவில் சிவப்புப் பட்டு நூலால் ஒரு பட்டை போட்டார். வாலுக்கு ஒரு காட்டு வாத்தின் இறகையும் சேர்த்தார்.

அதைப் பார்த்தவர்களுக்கு, இதற்கு என்ன பேர் வைப்பது என்று யோசனை. சார்லஸின் சகோதரர் ஒருவர், இவ்வளவு பகட்டாக உடுத்தியிருப்பதால் ‘ராயல் கோச்மேன்’ என்றே கூப்பிடலாம் என்று சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. இன்றைக்கு உலகத்தில் அதிகம் அறியப்பட்ட ஃப்ளைகளில் அதுவும் ஒன்று.

இந்தக் கதை நமக்குத் தெரிவதற்குக் காரணம், மேரி அதை எழுதி வைத்ததுதான்.

ஊர் ஊராகப் போன கடிதம்

1890 வாக்கில் ஆர்விஸ் கடையிலிருந்து அமெரிக்காவின் பல மாநிலங்களுக்கும் கனடாவுக்கும் கடிதங்கள் பறந்தன. கேள்வி எளிமையானது. உங்கள் பகுதியில் எந்த மீன், எந்தத் தண்ணீர், எந்த ஃப்ளை உங்களுக்குக் கைகொடுக்கிறது, அனுபவத்தில் என்ன கண்டீர்கள்?

200-க்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் ஆறுதான் உலகம், அவரவர் ஃப்ளைதான் உசத்தி. மேரி அத்தனையையும் படித்து, தரம் பிரித்து, இருக்கும் ஃப்ளைகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எங்கே பிறந்தது, யார் கட்டினார், ஏன் அந்தப் பெயர் என்று விசாரித்தார்.

அது 1892-ல் பாஸ்டனின் ஹாட்டன் மிஃப்ளின் நிறுவனம் வெளியிட்ட புத்தகமாக வந்தது. பெயர், ‘ஃபேவரிட் ஃப்ளைஸ் அண்ட் தேர் ஹிஸ்டரீஸ்’. 500 பக்கத்துக்கும் மேல். 32 வண்ணப் பக்கங்களில் 290 ஃப்ளைகள். கலர் போட்டோ அச்சிட முடியாத காலம் அது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட படங்கள்.

இதனால் என்ன ஆச்சு? வெர்மான்ட்டில் இருப்பவரும் கலிஃபோர்னியாவில் இருப்பவரும் ஒரே பெயரைச் சொன்னால், இரண்டு பேர் மனசிலும் ஒரே உருவம் வந்தது. முதல் தடவை போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க. தான் போகப்போகும் மாநிலத்துக்காரர் எழுதிய கடிதத்தைப் படித்து, படத்தைப் பார்த்து, அதே பெயரைச் சொல்லி ஆர்டர் பண்ணலாம். அனுபவம் இல்லாதவருக்கு, 200 பேரின் அனுபவம் கைக்குள் கிடைத்தது.

இன்னொண்ணும் இருக்கு. அந்தக் காலத்தில் மீன்பிடிப் புத்தகங்கள் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மேஜையில் உட்கார்ந்து ஃப்ளை கட்டிய பெண்களின் பெயர் எங்கேயும் வராது. இந்தப் புத்தகத்தில் ஆசிரியர் பெயராக அச்சானது மேரியின் பெயர்.

1892-ல் ஒரு முதல் பயணப் பெட்டி

அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர் மலைக்குக் கிளம்பியிருந்தால், அவர் சாமான்கள் எப்படி இருந்திருக்கும்?

*கம்பு:* மூங்கிலை நீளவாக்கில் ஆறு பட்டைகளாகச் சீவி, ஒட்டிச் செய்தது. வளையும், உடையாது. அந்த மூங்கில் ரொம்ப காலம் எங்கிருந்து போச்சு தெரியுமா? இந்தியாவிலிருந்து! ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அதற்குப் பெயர். பிறகுதான் சீனாவின் டோன்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது.

*நுனி நரம்பு:* நைலான் வராத காலம். பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை எடுத்து, இழுத்து நீட்டிக் காயவைத்த இழைதான் நரம்பு. ஸ்பெயின் நாட்டின் முர்சியா பகுதி இதற்குப் பேர்போனது. காய்ந்த நிலையில் முடிச்சுப் போட்டால் பட்டென்று ஒடியும். அதனால், கிளம்புவதற்கு முன்பே தண்ணீரில் ஊறவைக்கணும். புதுசா போறவங்க அவசரத்துல இதை மறந்துட்டா, முதல் மீனே அறுத்துக்கொண்டு போய்விடும்.

*ஃப்ளை:* அன்றைய முட்கள் பலவற்றில் நரம்பைக் கோக்கக் காது கிடையாது. ஒரு துண்டு நரம்பை முள்ளோடு சேர்த்து வைத்து, அதன் மேலேயே ஃப்ளையைக் கட்டிவிடுவார்கள். நரம்பு நைந்துபோனால் ஃப்ளையும் வீண். அதனால் ஒவ்வொரு வகையிலும் கூடுதலாகக் கையில் வேண்டும்.

*ஃப்ளை புக்:* நரம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் டப்பாவில் அடைக்க முடியாது. பர்ஸ் மாதிரி மடிக்கும் தோல் உறைக்குள், பக்கம் பக்கமாக நீட்டி வைப்பார்கள். ஈரத்தோடு வைத்தால் முள் துருப்பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் நிஜப் பூச்சி வந்து பொய்ப்பூச்சியை அரித்துவிடும்!

*கட்டும் முறை:* ஒரே நரம்பில் இரண்டு மூன்று ஃப்ளைகள். கடைசி நுனியில் ஒன்று, கிளையாக ஒன்றிரண்டு. எந்த நிறத்துக்கு மீன் வருதுன்னு ஒரே வீச்சில் தெரிந்துவிடும். புதியவருக்கு இதில் ஒரு தொல்லையும் உண்டு. வீச்சு தப்பினால் மூன்றும் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும்.

அந்தத் தோல் உறைக்குள் இருந்த இறகுகளிலும் நம்ம பக்கத்துச் சங்கதி உண்டு. மயிலிறகு இழையை மேலே பார்த்தோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகுத்துளி விழுந்ததுபோலப் பளபளப்பான புள்ளிகள் இருக்கும். தண்ணீரில் அது மீன்குஞ்சின் கண் மாதிரி தெரியும். இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஃப்ளை கட்டும் மேஜைகளில் இந்த இறகுக்குப் பெரிய கிராக்கி. அதற்காகக் கொல்லப்பட்ட பறவைகள் ஏராளம். இன்றைக்கு இந்தியாவில் மயிலையோ காட்டுக்கோழியையோ வேட்டையாடினால், சட்டப்படி குற்றம்.

சிகாகோவில் ஒரு கண்காட்சி

புத்தகம் வந்த அடுத்த வருஷம், 1893-ல் சிகாகோவில் பிரமாண்டமான உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஆர்விஸ் கடையின் ஃப்ளைகளை மேரி காட்சிக்கு வைத்த விதம் வித்தியாசமானது. ஃப்ளைகளைச் சும்மா வரிசையாகக் குத்தி வைக்காமல், பெரிய பலகைகளில் மீன்பிடிக்கும் இடங்களின் புகைப்படங்களை ஒட்டி, கூடவே ஃப்ளைகளைப் பொருத்தினார்.

இந்த ஃப்ளையை, இந்த மாதிரி தண்ணீரில் என்று பார்த்தவுடனே புரியும். அந்தப் பலகைகள் இன்றும் மான்செஸ்டரில் உள்ள ‘அமெரிக்கன் மியூசியம் ஆஃப் ஃப்ளை ஃபிஷிங்’கில் பாதுகாக்கப்படுகின்றன.

புத்தகம் சில வருடங்களிலேயே பலமுறை மறுஅச்சு கண்டது. ஆனால், மேரி அடுத்த புத்தகம் என்று ஓடவில்லை. ஃப்ளை பிரிவைப் பார்த்துக்கொண்டு மான்செஸ்டரிலேயே இருந்தார். 1914-ல் இறந்தார். அப்பா சார்லஸ் அதற்கு அடுத்த வருஷம், 1915-ல்.

தண்ணீர் மாறினால், ஃப்ளையும் மாறும்

இத்தோடு முடித்தால் கதை சுபம். ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கு.

மேரியின் புத்தகத்தில் இருக்கும் ஃப்ளைகள் பலவும் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று தேர்த்திருவிழா மாதிரி இருக்கும். ‘பார்மசீன் பெல்’ என்று ஒன்று. மெய்ன் மாநிலத்து ஏரியின் பெயரைத் தாங்கியது. ஹென்றி வெல்ஸ் என்பவர், ட்ரவுட்டின் அடித்துடுப்பில் இருக்கும் சிவப்பு வெள்ளையைப் பார்த்து அதைக் கட்டினார். எந்தப் பூச்சியையும் போல அது இருக்காது.

அப்புறம் எப்படி மீன் கடிச்சது? அந்தக் காட்டு ஆறுகளில் இருந்தது ‘ப்ரூக் ட்ரவுட்’ என்ற உள்ளூர் மீன். மனுஷனை அதிகம் பார்க்காதது. பளிச்சென்று எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். ஆனால் மரத்துக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. நிழல் போனதும் ஓடைகள் சூடாகின. கணக்கில்லாமல் பிடித்ததில் மீனும் குறைந்தது.

1883-ல் ஜெர்மனியிலிருந்து ‘பிரவுன் ட்ரவுட்’ முட்டைகளைக் கொண்டுவந்து வளர்த்து, பிறகு ஆறுகளில் விட்டார்கள். அது கொஞ்சம் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் ரொம்ப உஷார் பேர்வழி. நிஜப் பூச்சி மாதிரியே இல்லாத எதையும் சந்தேகப்படும். இங்கிலாந்தில் ஃபிரெட்ரிக் ஹால்ஃபோர்ட் 1886-ல் எழுதிய புத்தகம், நிஜப் பூச்சியைப் பார்த்து அப்படியே கட்டி மிதக்கவிடும் முறையைப் பரப்பியது. அமெரிக்காவும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. மேரி அத்தனை பாடுபட்டுப் பதிவு செய்த ஃப்ளைகளில் பல, அவர் கண்முன்னாலேயே பழசாகத் தொடங்கின.

அப்படின்னா அவர் உழைப்பு வீணா? இல்லை. இன்றைக்கு அந்தப் புத்தகம், எந்த ஃப்ளை வாங்கலாம்னு சொல்லும் கேட்டலாக் இல்லை. காடு இருந்தபோது அந்த ஆறுகளில் என்ன மீன் இருந்தது, எது அதை ஈர்த்தது, யார் யார் அங்கே நின்றார்கள் என்பதற்கான சாட்சி. அந்த மீன்கள் பல இடங்களில் போய்விட்டன, கடிதம் எழுதியவர்களும் போய்விட்டார்கள். மேரி எழுதி வைத்ததால் அந்தத் தண்ணீரின் நினைவு மிச்சமிருக்கிறது.

நீங்க கிளம்புறதா இருந்தா...

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளுக்கும் பிரிட்டிஷ்காரர்கள் ட்ரவுட்டைக் கொண்டுவந்தார்கள். அவலாஞ்சியில் அதற்கான குஞ்சு பொரிப்பகமே இருக்கு. இமாச்சல், காஷ்மீர் ஆறுகளிலும் ட்ரவுட் உண்டு. போகும் ஆசை இருந்தா, முதலில் மீன்வளத்துறை, வனத்துறை அனுமதி முக்கியம். எந்த மாதம் பிடிக்கலாம், எத்தனை பிடிக்கலாம்னு இடத்துக்கு இடம் விதி மாறும்.

சாமான் விஷயத்தில், காது வைத்த முள்ளும் நைலான் நரம்பும் வந்தபிறகு ஊறவைக்கும் வேலை இல்லை. பெட்டி நிறைய ஃப்ளை வாங்கிக் குவிக்கவும் தேவையில்லை. நாலஞ்சு வகை, ஒவ்வொன்றிலும் ரெண்டு மூணு சைஸ், தொலைந்தால் மாற்றக் கொஞ்சம் கூடுதல். சிறிய மீனைத் திரும்ப விட வசதியாக, முள்ளின் எதிர்முனையை இடுக்கியால் அமுக்கிவிடுங்க. அதுபோதும்.

எந்த நாலஞ்சு வகைன்னு கேட்கிறீங்களா? அதை ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் வீடியோகாரரிடம் கேட்காதீங்க. அந்த ஓடைக்கரையில் தினம் நடக்கும் காவலரிடமோ, உள்ளூர்க்காரரிடமோ கேளுங்க. 1890-ல் மேரியின் கடையிலிருந்து போன கடிதங்கள் கேட்டதும் அதைத்தான்: உங்க தண்ணீர்ல எது கைகொடுக்குது?

பதில் சொன்னா, அதை எழுதியும் வச்சுக்கோங்க. எந்த ஓடை, எந்த மாசம், எந்த ஃப்ளை. உங்களுக்கு அடுத்து முதல் தடவையா மலை ஏறப்போறவருக்கு அது உதவும்!